நுரையீரலில் சீமெண்ணெய்

குரும்பலூரில் அண்ணன் வீட்டில் இருந்தது ஒரே மாடு. அண்ணி கன்றிலிருந்து வளர்த்தது. முதல் சினை, ஏழு மாதம். ஒரு ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை மதியம் கயிற்றை அறுத்துக்கொண்டு போய், ஈரமான கடலைக்கொடியை வயிறு முட்ட மேய்ந்துவிட்டது. இடப்பக்கம் உப்பி, தட்டினால் மேளம்போல் ஒலித்தது. கால்நடை மருத்துவமனை பூட்டியிருந்தது.

உப்புசத்துக்கு எங்கள் பக்கத்தில் செய்வது ஒன்றுதான். கடலை எண்ணெயில் ரேஷன் சீமெண்ணெயைக் கலந்து மூங்கில் குழாயால் தொண்டைக்குள் ஊற்றுவார்கள். பெரம்பலூரிலிருந்து வந்திருந்த நான் நாக்கைப் பிடித்தேன்.

“பேனா புடிக்கிற கையில்ல, வழுக்குது. நல்லா வெளிய இழுடா” என்றான் அண்ணன்.

இழுத்தேன். மாடு இருமியது.

“இருமட்டும், உள்ள எறங்குது” என்றான்.

ஒரு மணி நேரத்தில் வயிறு வடிந்தது. “பேப்பர்காரருன்னு நெனச்சேன், தம்பி மாட்டு டாக்டராவும் ஆயிட்டாரு” என்று அண்ணி சிரித்தார்.

மறுநாள் காலை மாடு கழுத்தை நீட்டி மூச்சுக்குத் திணறியது. மூக்கில் நுரை. மூச்சில் சீமெண்ணெய் வாடை. கால்நடை டாக்டர் வந்து அதன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார்.

“நாக்கை யாரு புடிச்சது?”

“நான்தான் சார்.”

“நாக்கை இழுத்தா அதால முழுங்க முடியாதுங்க. ஊத்துனதுல பாதி நுரையீரலுக்குப் போயிருக்கு. சீமெண்ணெய் அங்க போனா அரிச்சுடும்.”

ஊசி போட்டார். மூன்றாம் நாள் இறந்தது.

வயல் ஓரத்தில் அறுத்துப் பார்த்தார்கள். இளஞ்சிவப்பாய், பஞ்சுபோல் இருக்க வேண்டிய நுரையீரல் ஈரலைப்போல் கறுத்துக் கெட்டிப்பட்டிருந்தது. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டார் டாக்டர். மூழ்கியது. வெட்டிய இடத்தில் அதே வாடை. வயிற்றின் உட்தோலும் உரிந்திருந்தது.

“உள்ள இருக்கறத காட்டுங்க சார்” என்றார் அண்ணி. கிடேரிக் கன்று. அண்ணி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மாட்டுக்குச் சீமெண்ணெய் ஊற்றக் கூடாது என்று எட்டு வரிச் செய்தி எழுதினேன். நாக்கைப் பற்றி எழுதவில்லை.

தை மாதம் நான் மறுபடி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது எதிர்த் தெருக்காரர் மூங்கில் குழாய் கேட்டு ஓடி வந்தார். அவர் மாட்டுக்கும் உப்புசம். சீமெண்ணெய் வேண்டாம் என்றேன்.

“அட, உங்களுக்கு அன்னிக்கே உப்புசம் எறங்கிடுச்சுல்ல? மாடு சளியிலதான செத்துச்சு?”

அண்ணன் கூரையில் செருகியிருந்த குழாயை எடுத்துக் கொடுத்தான். அவர் போனபின் என்னைப் பார்க்காமல் சொன்னான்: “உன் பேரு அடிபட வேணாம்னுதான் சளின்னு சொல்லி வச்சேன்.”

நான் அவர் பின்னால் ஓடினேன். நான் அவர் வீட்டு வாசலை எட்டுவதற்குள் உள்ளே மாடு இருமியது.