சிவகாமிக்கு அரைப்பேர்

இந்த நாட்டில் என்னை ஆண்பிள்ளை ஆக்கிவிட்டார்கள். கனடாவுக்கு வந்த முதல் வாரமே, சிவகாமி என்பது வாயில் நுழையவில்லை என்று பேராசிரியர் மார்த்தா என்னைச் சிவா ஆக்கினார். நானும் தலையாட்டினேன். பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டுவதில் நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை யார் மிஞ்ச முடியும்?

எங்கள் ஆய்வுகூடத்தில் நிறத்தோடுதான் வேலை. கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளை ஒழுங்காக அடுக்கி, இடையில் ரப்பர் போன்ற பசையை நிரப்பி, மெல்லிய படலம் செய்கிறோம். சாயம் ஒரு துளிகூடக் கிடையாது. மணிகளுக்கு இடையிலுள்ள தூரம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. மின்சாரம் கொடுத்தால் பசை ஊறின கடலை மாதிரி உப்பும், தூரம் கூடும், பச்சை சிவப்பாகும். மின்னோட்டத்தைத் திருப்பினால் மறுபடி பச்சை. நாளைய விளம்பரப் பலகைகள் இப்படித்தான் வருமாம். பார்வையாளர் நாளுக்கு ஆளுக்கொரு பலகை செய்து அவரவர் பெயரைக் காட்ட வேண்டும் என்றார் மார்த்தா. எனக்கு ஒதுக்கியது நான்கு சதுரம். ஆங்கிலத்தில் சிவாவுக்கு நான்கு எழுத்துத்தானே.

அந்த ஞாயிறு இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக்குப் போன் எடுத்தேன். "இங்க எனக்குப் பாதிப் பேருதாம்மா" என்று சிரித்தேன். அம்மா பதறிவிட்டார்.

"அரைப்பேரா? ஏன் தாயி, ஒடம்புக்கு முடியலையா? கொழுந்து கொறஞ்சு போச்சா?"

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான கூலி. பறித்த கொழுந்து எடை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு அரைப்பேரோடு லயத்து வீட்டுக்குத் திரும்பும் அம்மாவின் முகம் எனக்குத் தெரியும். விஷயத்தை விளக்கினேன். அம்மா சிரிக்கவில்லை.

"வேல செஞ்சவ நீ. முழுப்பேரப் போடச் சொல்லு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் மார்த்தாவிடம், சிவா என்பது அரைப்பேர், முழுப்பேரும் வேண்டும் என்றேன்.

"உங்கள் ஊரில் பெயரையும் அளந்தா கொடுப்பார்கள்?"

"ஆமாம், தராசில் நிறுத்து."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். மிச்ச நான்கு சதுரத்தையும் நீயே செய்துகொள் என்றார். செய்தேன். இரண்டு வெடித்துப் போயின. அவற்றையும் திரும்பச் செய்தேன்.

பார்வையாளர் நாள் காலையில் சுவிட்சைப் போட்டதும் பச்சைப் பலகையில் எட்டு எழுத்தும் சிவந்து வந்தன. கண் கலங்கிவிட்டது. அங்கிருந்தே போன் எடுத்தேன். ஊரில் அப்போது பொழுது சாய்ந்திருந்தது.

"அம்மா, முழுப்பேரும் விழுந்திருச்சு!"

"சந்தோசம் தாயி." அம்மா குரலைத் தாழ்த்தினார். "கிராம சேவகர் வந்தாரு, வாக்காளர் லிஸ்டு திருத்த. நீ வெளிநாட்டுல இருக்கேன்னு ஒம் பேர வெட்டிட்டாரு. கெஞ்சிப் பாத்தேன், கேக்கல."

நாடில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட எங்கள் ஆட்களுக்கு அந்த லிஸ்டு லேசில் கிடைத்ததல்ல. அம்மாவின் பெயரே நான் பள்ளிக்கூடம் போன காலத்தில்தான் அதில் ஏறியது. பலகைக்கு முன்னால் யாரோ என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள். போனைக் காதில் வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இருக்கியா தாயி?"

"இருக்கேம்மா" என்றேன். எங்கே என்று அம்மாவும் கேட்கவில்லை.