எக்ஸ்பயர்டு என்றார் அந்தப் பெண்

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தத் தாள்களைப் படித்துத் தட்டச்சு செய்கிறவர் கோபப்படாமல் பிழைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

திருச்சி தில்லை நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். நோயாளிகளைச் சக்கர நாற்காலியிலும் ஸ்ட்ரெச்சரிலும் தள்ளிக்கொண்டு போவது, படுக்கை மாற்றுவது, குளிப்பாட்டுவது எல்லாம் என் வேலை. வார்டு பாய் என்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டியும் பாய்தான். வீடு ஸ்ரீரங்கத்தில். அதிகம் பேசுகிற ஆள் இல்லை நான். பஸ்ஸில் பாக்கிச் சில்லறை கேட்கக்கூட வாய் வராது.

எனக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் வேலை செய்யும் இடத்தில் நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அப்படி விழுந்ததில் ஒரு சொல் மட்டும் எலும்பு வரை இறங்கியிருக்கிறது. "நாலாம் நம்பர் பெட் எக்ஸ்பயர்டு" என்று நர்ஸம்மா போனில் சொன்னால் நான் வெள்ளைத் துணியும் ஸ்ட்ரெச்சரும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே நிற்கும் சொந்தக்காரர்களிடம் டாக்டரும் அதே சொல்லைத்தான் மெதுவாகச் சொல்வார். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. மாத்திரை பழசாகிவிட்டால் நாங்கள் "டேட் போயிடுச்சு" என்றுதான் சொல்வோம்.

என் தம்பி ஒரு வளைகுடா நாட்டில் கட்டட வேலையில் இருந்தான். எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்கிறான், திரும்பவும் அங்கே போகும் எண்ணம் இருக்கிறது. சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். துணைக்கு ஆள் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். கம்பெனியே எனக்கு விசாவும் டிக்கெட்டும் அனுப்பி, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னது.

எங்கள் ஹெட் நர்ஸ் நான்கு இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த ஊர் விமான நிலையத்தில் இறங்கியதும், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என்னிடம் ஏதோ கேட்டார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று தெரியாததால் தாளை எடுத்து நான்கையும் வரிசையாகப் படித்துவிட்டேன். தம்பியை அழைத்துப் போக வந்திருக்கிறேன் என்பது முதல் வாக்கியம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது நான்காவது. அவர் கழிப்பறை இருக்கும் பக்கம் கையைக் காட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

திரும்பி வரும் டிக்கெட்டைக் கம்பெனி இரண்டு தடவை தள்ளிப் போட்டது. கடைசியில் ஒரு நாள் குறித்தார்கள். அன்று காலையே தம்பியின் அறையைக் காலி செய்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் விசாவும் அன்றோடு முடிகிறது. ஏறினால் ஊர், இல்லையென்றால் படுக்க இடமில்லை. வேனை விட்டு இறங்கும்போது தம்பி சொன்னான், "இன்னைக்கு மட்டும் பிளேன் ஏறலைன்னா என்னை இங்கயே பொதைச்சிரு அண்ணே." வாயை மூடுடா என்றேன்.

வேனில் வந்த குலுக்கலில் வலி தாங்காமல் அவன் மாத்திரை போட்டிருந்தான். விமான நிலையத்துச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்ததும் கண் சொருகிவிட்டது. தலை தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. நாற்காலியைத் தள்ள வந்த ஆள் வங்காளதேசத்துக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டே கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கவுண்டரில் இருந்தது பிலிப்பைன்ஸ் பெண் என்று பிறகு தம்பி சொன்னான். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு தாளை எடுத்து நிறைய நேரம் பார்த்தார். பிறகு எட்டித் தம்பியைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"சாரி சார். எக்ஸ்பயர்டு."

எனக்குக் காது அடைத்துப் போனது. எங்கள் டாக்டர் சொல்கிற அதே முகம், அதே குரல், முதலில் அதே சாரி. நான் அலறிக்கொண்டு தம்பியின் மேல் பாய்ந்தேன். நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தேன், அவசரத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்தில் விரலை வைத்து அழுத்தினேன். இன்னொரு கையால் கன்னத்தில் ஓங்கி அடித்தேன்.

"யோவ், யாருய்யா அது!" என்று அவன் கண்ணைத் திறந்தான். "அண்ணே, நீயா? கழுத்தை ஏன் நெறிக்கிற?"

"நீ இருக்கியாடா?"

"இருக்காம எங்க போனேன்? மூச்சு விட விடு முதல்ல."

"அந்தப் பொண்ணு நீ எக்ஸ்பயர்டுன்னு சொல்லிச்சுடா."

வரிசையில் நின்ற எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். காவலர் ஒருவர் ஓடி வந்தார். தம்பி அவருக்கு ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசினான். பேசப் பேச அவன் தூக்கம் கலைந்தது. என் பக்கம் திரும்பினான்.

"செத்தது நான் இல்ல, அந்தப் பேப்பர். பிளேன்ல போகலாம்னு டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட் அது. டிக்கெட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டதுல அதுக்குத் தேதி முடிஞ்சு போச்சு."

"பேப்பருக்கும் அதே வார்த்தையா?"

"பாலுக்கும் அதுதான், பாஸ்போர்ட்டுக்கும் அதுதான். விடுண்ணே, இப்ப அது பிரச்சினை இல்ல. புதுப் பேப்பர் இல்லாம ஏத்த மாட்டாங்களாம். மேல் மாடியில ஒரு டாக்டர் இருக்காராம். நாப்பது நிமிஷத்துல கவுண்டரை மூடிருவாங்க. ஓடு."

நாற்காலியை நானே தள்ளினேன். இந்த ஒரு வேலையில் எனக்குப் பயம் கிடையாது. வங்காளதேசத்துக்காரர் முன்னால் ஓடி வழி விலக்கினார். லிஃப்டில் தம்பி சொன்னான், "டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ சும்மா நில்லு."

மேலே வெள்ளைத் தாடி வைத்த டாக்டர் ஒருவர் இருந்தார். கால் கட்டைப் பார்த்தார், கேள்வி கேட்கத் தொடங்கினார். தம்பிக்குச் சிமெண்டு, கம்பி, சம்பளம், லீவு இவற்றைப் பற்றிப் பேசும் இங்கிலீஷ்தான் வரும். இந்தக் கேள்விகள் புரியாமல் விழித்தான். எனக்கோ ஒவ்வொன்றும் தெரிந்த கேள்வி. காலை ரவுண்ட்ஸில் டாக்டருக்குப் பின்னால் கட்டுத் துணிகளைச் சுமந்து நின்று நான் தினமும் கேட்பது.

"ஃபீவர்?" என்றார்.

யாரோ பேசுவது போல என் குரலே எனக்குக் கேட்டது. "நோ ஃபீவர் சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "வூண்ட்?"

"டிரை சார். ஸ்டிட்ச் ரிமூவ்டு. நோ பஸ்."

"அண்ணே, பஸ் ஏன் வருது இதுல?" என்றான் தம்பி. சீழ்டா, பேசாம இரு என்றேன்.

டாக்டர் கெண்டைக்காலை அழுத்திப் பார்க்கக் குனிந்தார். அவர் கேட்கும் முன்பே சொன்னேன், "காஃப் சாஃப்ட் சார். நோ பெயின். யூரின் ஓகே. மோஷன் மார்னிங் ஒன் டைம்."

"ஐயோ, அதையெல்லாம் எதுக்கு இங்க சொல்ற?" என்று தம்பி கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

டாக்டர் சிரித்துவிட்டார். "யூ ஆர் நர்ஸ்?"

"நோ சார். வார்டு பாய்."

அவர் என் நரைத்த தலையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித் தாளை என்னிடம்தான் கொடுத்தார். தம்பியிடம் கொடுக்கவில்லை.

கீழே நாங்கள் வந்தபோது கவுண்டரில் கூட்டம் இல்லை. அந்தப் பெண் மட்டும் போகாமல் நின்றிருந்தார். தாளை வாங்கிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பிறகு தம்பியிடம் ஏதோ சொன்னார். அவன் எனக்குச் சொன்னான், "இருபது வருஷம் ஆனாலும் உன்னை மறக்க மாட்டாங்களாம். பயமுறுத்தினதுக்கு மன்னிச்சுக்கச் சொல்றாங்க." நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். கொஞ்சம் தப்பாக, நெற்றிக்கு மேலே.

விமானம் கிளம்பிய பிறகுதான் தம்பியின் கன்னத்தில் என் விரல் தடம் சிவந்திருப்பதைக் கவனித்தேன். வலிக்குதா என்று கேட்டேன். "கால் வலி தெரியலைண்ணே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன்.

திருச்சியில் இறங்கினால் வெளியே எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் நின்றது. நான்தான் சொல்லி வைத்திருந்தேன். தம்பி ஏற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். "ஆம்புலன்ஸ்ல போய் வாசல்ல எறங்கினா எம் பொண்டாட்டி பார்த்த எடத்துலயே விழுந்துருவா. தெருவே கூடிரும். கார் புடிண்ணே." டிரைவர் என்னைப் பார்த்தார். ஒரு டாக்ஸி பிடித்து, முன் சீட்டைச் சாய்த்து, கால் மடங்காமல் தலையணை வைத்து உட்கார வைத்தேன். ஆம்புலன்ஸ் விளக்குப் போடாமல் காவிரிப் பாலம் வரை எங்கள் பின்னாலேயே வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

வீட்டு வாசலில் அவன் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் வாக்கரை விரித்து வைத்தேன். தம்பி என் தோளைப் பிடித்து எழுந்து, வாக்கரை ஊன்றி, இரண்டு அடி வைத்தான். மூன்றாவது அடியில் அவள் வந்து பிடித்துக்கொண்டாள். நான் பெட்டியை எடுக்கிற சாக்கில் காரின் பின்பக்கம் போய் நின்றேன்.

எழுதி முடித்தது புரட்டாசி மாதம் மூன்றாவது சனிக்கிழமை, பகல் டியூட்டி முடிந்து வந்த பிறகு.