அண்ணனுக்கு டைபாய்டு

கொரோனா விழிப்புணர்வு பற்றி எழுதுங்களேன் என்கிறார் ஆசிரியர். நம் ஜனங்களுக்கு இந்த நோயைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லையாம்.

தெரியவில்லையா? யாருக்கு?

என் பெரியம்மா மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். குடவாசல் பக்கத்துக் கிராமம். கரை வேட்டிக்காரர். முதல் அலையில் ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு, "காய்ச்சல் வந்தா மறைக்காதீங்க" என்று தெருத்தெருவாக முழங்கியவர். ஆக்சிஜன் தொண்ணூற்று நாலுக்குக் கீழே இறங்கினால் உடனே ஆஸ்பத்திரி என்று எனக்குப் பாடம் எடுத்ததே அவர்தான்.

போன மாதம் அண்ணி போன் செய்தார். அண்ணனுக்குக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை, யார் சொன்னாலும் கேட்கவில்லை, நீங்கள் வந்து சொல்லுங்கள் என்றார். கும்பகோணத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

வாசலிலேயே நிறுத்திவிட்டார் அண்ணி. முகத்தில் இரண்டு மாஸ்க்.

"டைபாய்டுதான்... ஆனா உள்ள வந்துடாதீங்க."

டைபாய்டுக்கு எதற்கு இரண்டு மாஸ்க்?

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாலு வார்த்தை பேசுவதற்குள் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. விரலில் ஆக்சிமீட்டர் எண்பத்தெட்டு காட்டியது. கேட்டால், விரல் ஜில்லென்று இருக்கிறது, அதனால் தப்பாகக் காட்டுகிறது என்றார். விஷயம் தெரிந்தவர் இல்லையா!

ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன், தஞ்சாவூர் போய்விடலாம் என்றேன். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது.

"நான் ஆஸ்பத்திரில படுத்துட்டேன்னு தெரிஞ்சா, அவன் வயல்ல டிராக்டர விட்டுடுவான்மா."

அவன் என்றால் பக்கத்து வீட்டுப் பங்காளி. வாய்க்காலை ஒட்டி இரண்டு மா நிலம் – முக்கால் ஏக்கர்கூடத் தேறாது. அதற்காக இருவரும் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். யார் முந்திக்கொண்டு குறுவை நடுகிறாரோ, நிலம் அவர் அனுபவத்தில் இருப்பதாக ஆகிவிடுமாம். அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காவல் காக்கிறார்... கட்டிலில் படுத்தபடி!

பங்காளியிடமே பேசிவிடுவது என்று ஆத்திரத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மனைவி பாதிக் கதவைத்தான் திறந்தார். அவர் முகத்திலும் இரண்டு மாஸ்க். உள்ளே இருமல்.

"அவருக்கு டைபாய்டும்மா. உங்க அண்ணன் காதுக்குப் போச்சுன்னா வயல்ல எறங்கிடுவாரு."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு டைபாய்டு, அந்தப் பக்கம் ஒரு டைபாய்டு. வயல் உழ நாதியில்லாமல் கிடக்கிறது.

நான் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவரைக் கெஞ்சி, இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்க வைத்தேன். "அவன் மொதல்ல ஏறட்டும்" என்றார் அண்ணன். அண்ணி அழுதுகொண்டே அவரைப் பிடித்துத் தள்ளி ஏற்றினார்.

பங்காளி வாசற்படியில் நின்று அதைப் பார்த்தார். தனக்கு ஒன்றுமில்லை, வெறும் டைபாய்டுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டும் பலனில்லை. என்ன கணக்குப் போடுகிறார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மறுநாள் காலை டிராக்டர் இறங்கியது. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருமிக்கொண்டே உழவு பார்த்தாராம். அந்த வாரமே போய்விட்டார். ஊருக்குச் சொன்னது மாரடைப்பு.

அண்ணன் பிழைத்து வீடு திரும்பினார். பக்கத்து வீட்டில் கருமாதிகூட முடியவில்லை. பங்காளி உழுதுபோட்ட அதே வயலில் ஆள் விட்டு நடவை முடித்துவிட்டார். பிறகு எனக்குப் போன்.

"உழவுச் செலவு மிச்சம்மா."

இப்படி ஒரு மனுஷனா? அண்ணி போனை வாங்கி, இவர் உயிரைக் காப்பாற்றியதே நீங்கள்தான் என்று தழுதழுத்தார்.

தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றேன்.