பக்கத்து வீட்டு மாட்டோடு ஒரு படம்

வன்னியம்பட்டியில் எனக்கு மாட்டுக்கடன் கொடுத்த கம்பெனிக்காரர்களைப் போல வெட்கங்கெட்டவர்களை நான் பார்த்ததில்லை.

பால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகளுக்குப் போகும், கையில் காசு புழங்கும் என்று சொல்லித்தான் அந்தக் கம்பெனிப் பையன் கடனைத் தலையில் கட்டினான். பால் போனது. வந்த காசைத் தீவனமும் வாரத் தவணையும் தின்றன. மாட்டுக்கு மடி வற்றியது, தவணை வற்றவில்லை. சங்கிலியை அடகு வைத்துப் பார்த்தேன். கடைசியில் மாட்டையே விற்றுக் கடனை அடைத்துவிட்டு, ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன்.

ஒரு தவணையும் தவறாதவளாம் நான். கடனால் உயர்ந்த பெண் என்று படம் பிடிக்க, அதே பையன் கேமராக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மாடு இல்லை என்றேன்.

"அதனால என்னக்கா, பக்கத்து வீட்டுல ஒண்ணு நிக்குதுல்ல" என்றான்.

பக்கத்து வீட்டு மதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டை அவிழ்த்துக் கொடுத்தார். என் சேலை கிழிசலாக இருக்கிறது, மாற்றுங்கள் என்றான் பையன். பட்டுச்சேலையில் வந்தால் அது பகட்டாம். ஏழையாகவும் தெரிய வேண்டும், முன்னேறியவளாகவும் தெரிய வேண்டும். அப்படி ஒரு சேலை எந்தக் கடையில் விற்கிறதோ! சிரிக்கச் சொன்னான். அவன் பிழைப்பைப் பார்த்தே சிரித்தேன்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். திரையில் நானும் மாடும். மேடைக்கு அழைத்து, மாடு எவ்வளவு கறக்கிறது என்று பெரிய அதிகாரி கேட்டார்.

"அது எங்க மதினி மாடுங்க. எம் மாட்ட வித்துத்தான் உங்க கடன அடைச்சேன். இப்பத் தறிக்குப் போறேன்" என்றேன்.

கீழே பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கு முகம்கூடச் சுருங்கவில்லை. மாட்டை விற்றாவது நாணயத்தைக் காப்பாற்றியிருக்கிறார், கைதட்டுங்கள் என்றார். எல்லோரும் தட்டினார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

இறங்கி வந்ததும் பையன் வழிமறித்தான். "இந்தத் தடவ ரெண்டு மாட்டுக்குத் தாரோம்க்கா."

"அந்தக் கடன ஒங்க அம்மாவுக்குக் குடுலே" என்று சால்வையை அவன் தோளில் போட்டுவிட்டு வந்தேன்.

வெளியே கடன் கேட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் அது.