தொரை ஜீப்பு ஒசரத்துக்கு

அப்பா கருமாதி முடிஞ்ச அடுத்த வாரம், நானும் அம்மாவும் ஒரு சணல் கயித்த எடுத்துக்கிட்டு பிரிஞ்சாங் டவுனு டயர் கடைக்குப் போனோம். கயித்துல ஒரு முடிச்சு. தரையிலேருந்து அந்த முடிச்சு வரைக்கும் தொரையோட ஜீப்பு டயர் ஒசரம். அப்பா அளந்தது.

அப்பா தேயிலைத் தோட்டத்துல தொரைக்கு டிரைவரா இருந்தாரு. அத விட்டுட்டு கோலா தெர்லா பக்கம் முட்டக்கோசு பயிர் போட வந்தப்ப, பழைய பிக்கப் ஒண்ணு வாங்குனாரு. சுமை ஏத்தறதுக்காக முன்ன வச்சிருந்தவன் பின்னாடி ஸ்பிரிங் பட்டை கூடுதலாப் போட்டிருந்தான். அதனால காலியா நின்னா பின்பக்கம் தூக்கிக்கும், மூஞ்சி குனிஞ்சிருக்கும்.

"நான் சலாம் போட்டது பத்தாதுன்னு இந்தச் சனியனும் போடுது பாரு"ன்னு அப்பா திட்டுவாரு. கடைசியில பட்டறையில குடுத்து, முன் ஸ்பிரிங்குல இரும்புக் கட்டை வச்சு மூஞ்சியத் தூக்கிட்டாரு. வண்டி மட்டமா நின்னுச்சு. ஆனா கோசு ஏத்துனா பின்னாடி அமுங்கி, மூஞ்சி வானத்தப் பாக்கும். விடியறதுக்கு முன்ன கெளம்புனா லைட்டு ரோட்டுல விழாம மரத்து உச்சியில விழும்.

"கொரங்குக்கு ரோடு காட்டறாரு ஒங்கப்பா"ன்னு அம்மா சொல்லும்.

அடுத்தது டயரு. தொரை ஜீப்பு ஒசரத்துக்கு வேணும். பழைய தோட்டத்துக்குப் போயி, தொரை ஆபீசுக்குள்ள இருக்கற நேரம் பாத்து, சாக்கு தைக்கற சணல வச்சு அளந்துகிட்டு இருந்தாரு. ஆபீசுல கணக்கு எழுதற கிராணி பாத்துட்டாரு.

"என்னய்யா, ஜீப்புக்கு காலளவு எடுத்து சிலுவாரு தைக்கப் போறியா?"

"ஆமாங்கையா, குளுருதுன்னு அழுவுது."

இத வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. கயித்த பிக்கப் கண்ணாடியில சாமி கயித்தோட தொங்க விட்டாரு. டயர் வாங்கறதுக்குள்ள நெஞ்சு வலி வந்து போயிட்டாரு.

நான் ஆறாங்கிளாசோட நின்னவ. வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தது அப்பாதான், அதனால நான்தான் ஓட்டணும். சீட்டுல அவரு உக்காந்த பள்ளம் அப்படியே இருந்துச்சு. அதுல உக்காந்தா எனக்கு ரோடு தெரியாது. தலவாணி போட்டு அத மூட மனசு வரல. கழுத்த நீட்டிக்கிட்டே ஓட்டுனேன். பாத்தவங்கள்லாம், "அப்பன் செத்தும் புள்ள என்னா தெம்பா நிமிந்து ஓட்டுது"ன்னாங்க.

அவரு ஆசப்பட்ட டயர் இல்லாம ஓட்டறது, அவர பாதி வழியில எறக்கி விட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

டயர் கடை மொதலாளிய தவுக்கேன்னுதான் கூப்புடுவோம். சீனரு, தமிழ் நல்லா பேசுவாரு. கயித்தப் பாத்துட்டு, "டயருக்கு நம்பர் இருக்கு லா அம்மா, கயிறு எதுக்கு?"ன்னாரு.

"எம் புருசன் அளந்தது. இதே ஒசரம் வேணும்."

"ஒசரம் அளந்தாச்சு, அகலம் யாரு அளந்தா? ஸ்டேரிங் முழுசா வளச்சா மட்காட்ல ஒரசும்."

"தொரைக்கே ஓட்டுனவரு. அவரு அளந்தது தப்பாவாது."

தவுக்கே என்னப் பாத்தாரு. "போடுங்க தவுக்கே"ன்னேன்.

"சரி. மஞ்ச குங்குமம் நெறய பூசாத. திருப்பிக் கொண்டாந்தா நான்தான் கழுவணும்."

நேர் ரோட்டுல ராஜா மாதிரி போச்சு. அம்மாவுக்குத்தான் கைலியோட ஏற முடியல. கோசு கூடையக் கவுத்துப் போட்டு ஏத்தி விட்டேன்.

புது டயர் போட்டா முனியாண்டி கோயில மூணு சுத்து சுத்தணும். சொந்தக்காரங்க எல்லாம் வந்து நின்னாங்க. எலுமிச்சம்பழம் நசுங்குச்சு. கோயில் சின்ன எடம், ஸ்டேரிங்க முழுசா ஒடிச்சாத்தான் வளையும். ஒடிச்சேன். கர்ர்ர்ர்னு ஒரு சத்தம்.

சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டாரு. "அண்ணன் பேசறாரு!"

அத்தை அழ ஆரம்பிச்சுது. "என்னண்ணே சொல்றாரு?"

"டயர் நல்லாருக்குங்கறாரு."

ரெண்டாவது சுத்துல ரப்பர் கருகற நாத்தம். மூணாவதுல வண்டி நகரல. மட்காட் ஓரம் டயர நல்லா கவ்விக்கிச்சு.

"இப்ப என்னா சொல்றாரு?"ன்னு அம்மா கேட்டுச்சு. சித்தப்பா கும்பிட்ட கைய எறக்கிட்டாரு.

எறங்கிப் பாத்தேன். டயர கேரட் சீவுன மாதிரி சீவியிருந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இத அப்பாகிட்ட சொல்லணும்னு நெனச்சேன். நெனச்சதும் அந்த டயர்கிட்டயே உக்காந்து அழுதேன். கருமாதியில கூட அப்படி அழல.

வண்டியப் பின்னால எடுத்து, மெதுவா மறுபடி டயர் கடைக்கே போனோம். மறுநாள் கோசு ஏத்தணும், வழியெல்லாம் வளைவு.

"மட்காட்ட வெட்டவா, டயர மாத்தவா?"ன்னாரு தவுக்கே.

அம்மா என்னப் பாத்துச்சு. அந்த மட்காட்ல சாஞ்சுதான் அப்பா பீடி குடிப்பாரு. அந்த எடத்துல பெயிண்டே போயிருந்துச்சு.

"மாத்துங்க."

அவரு முனகிக்கிட்டே சின்ன டயர மாட்டுனாரு. நான் கயித்த வச்சுப் பாத்தேன். முடிச்சு நாலு விரலு மேல நின்னுச்சு. பாக்காம இருந்திருக்கலாம்.

அம்மா எங்கையிலேருந்து கயித்தப் புடுங்குச்சு. முடிச்சப் பல்லால கடிச்சு அவுத்து, நாலு விரலு கீழ போட்டு, டயர்கிட்ட புடிச்சுக் காட்டுச்சு.

"பாரு, சரியா இருக்கு. ஒங்கப்பா அளந்தா அளந்ததுதான்."

தவுக்கே பாத்துட்டு, கழட்டுன டயர உள்ள உருட்டிக்கிட்டுப் போனாரு. நான் கயித்த கண்ணாடியில கட்டிட்டு, கழுத்த நீட்டிக்கிட்டு வண்டிய எடுத்தேன்.