ஏலத்துக்கு முந்தின நாட்கள்

போன மாதம் என் மகன் என்னைச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனான். சாப்பிட அல்ல. அங்கே ஒரு கூடத்தில், அந்தக் காலத்துப் பெரிய புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களை ஏலம் விடப் போகிறார்களாம். ஏலத்துக்கு முன்பு யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாமாம். "வாங்க வேணாம்மா, சும்மா பார்த்துட்டு வந்துடலாம்" என்றான். வாங்காமல் பார்த்துவிட்டு வருவதில் எனக்குள்ள அனுபவம் அவனுக்குத் தெரியாது. காஞ்சிபுரத்துப் பெண் நான். கடை கடையாக ஏறி, புடவைகளைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "அப்புறம் வரோம்" என்று எழுந்து வந்தவள்.

ஏசி குளிரில், எதையும் தொட்டுவிடுவேனோ என்ற பயத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். மேஜைமேல் விரித்து வைத்திருந்த ஓர் ஆல்பத்தின் மேல் குனிந்தபோது அந்த வாசனை வந்தது. பழைய அட்டை, காய்ந்த பசை, லேசான ஈரப் பூஞ்சை. அவ்வளவுதான். ஓட்டலும் மகனும் மறைந்து, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீல் வீட்டுக் கூடத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில், வனஜாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வனஜாவும் நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். நாள் முழுக்கக் காதில் குரல்கள். சூரத்துக்கு டிரங்க் கால் போட்டு ஜரிகைக்காகக் கத்தும் முதலாளிகள், கல்யாணத் தேதி சொல்லும் மாமாக்கள். ஒவ்வொரு குரலுக்கும் நானாக ஒரு முகம் வைத்திருப்பேன். அப்படி மிக அழகான முகம் ஒன்றைக் கொடுத்து வைத்திருந்த குரலுக்குரியவரை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நேரில் பார்த்து, இரண்டு வேளை சாப்பாடு இறங்காமல் கிடந்தது தனிக் கதை. அது இங்கே வேண்டாம்.

அந்த வக்கீல் காலமாகி, பிள்ளைகள் மெட்ராசிலேயே தங்கிவிட்டதால், வீட்டுச் சாமான்களை ஏலத்துக்கு விட்டார்கள். ஆற்காட்டிலிருந்து வந்த ஏலக்காரரை எல்லாரும் பாய் என்றே கூப்பிட்டோம். ஏலத்துக்கு முன் சில நாட்கள் வீட்டைத் திறந்து வைத்து, ஊராரை வந்து பார்க்கச் சொன்னார். காலை டூட்டி முடிந்ததும் நான் வனஜாவை இழுத்துக்கொண்டு போனேன். ஆள் உயரக் கண்ணாடி வைத்த பீரோவைப் பார்க்கத்தான் போனேன், பொய் சொல்வானேன். ஆனால் கூடத்துச் சுவரைப் பார்த்ததும் பீரோ மறந்துபோயிற்று.

சுவர் முழுக்கப் புகைப்படங்கள். வக்கீலின் சிநேகிதர் ஒருவர், மெட்ராசில் பேர்போன புகைப்படக்காரர், வருஷா வருஷம் வந்து தங்கி எடுத்தவை. கருட சேவை விடியலில் குடைகளுக்குக் கீழே ஜனங்களின் தலைகள். குளத்தில் ஒருக்களித்துப் படுத்துக் குளிக்கும் கோயில் யானை, அதன் காதைத் தேய்க்கும் பாகனின் முழங்கை. நூறு தடவை நான் கடந்துபோன மண்டபத்தில் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே விழுந்திருந்த வெயில். நம் ஊர் இவ்வளவு அழகா என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கூடவே இருந்துகொண்டு பார்க்காமல் விட்டிருக்கிறோமே.

மறுநாளும் போனோம். "இன்னாம்மா, சினிமாவுக்கு வர்ற மாதிரி தினம் வர்றீங்க?" என்றார் பாய்.

"சும்மா பாக்கறோம் பாய்."

"பாருங்க, பாருங்க. ஏலம் வரிக்கும் எல்லாருக்கும் சொந்தம். அதுக்கப்புறம் ஒருத்தருக்குத்தான்."

அன்றுதான் மூலையில் இருந்த அந்தப் படத்தின் முன்னால் வனஜா நின்றுவிட்டாள். விடியற்காலைத் தெரு. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர்செய்வார்களே, அந்தப் பாவு. அதன் ஒரு முனையைப் பிடித்தபடி ஓர் இளம் பெண். முகம் மட்டும் நம் பக்கம் திரும்பியிருந்தது.

"எங்க தெருடி இது" என்றாள் வனஜா. அப்புறம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா, அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்தவள். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. எப்படி இருப்பாள் என்று கேட்டால் அப்பா, "உன்ன மாதிரிதாம்மா" என்று சொல்லிவிட்டுத் தறிக் குழிக்குள் இறங்கிவிடுவார்.

அடுத்த நாள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நெசவுக்காரர். சட்டை போட்டுப் பழக்கமில்லாதவர், அன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். படத்தருகே போய், முதலில் பாவைத்தான் பார்த்தார். "இழை தொய்ஞ்சிருக்குது பாரு. யாரு இப்பிடி வுட்டது" என்று, விரலைக் கண்ணாடிமேல் வைத்து இழையோடு நகர்த்திக்கொண்டே போனார். அந்தப் பெண்ணின் கையருகே வந்ததும் விரல் நின்றது.

"உங்கம்மாதாம்மா" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போட்டோ புடிச்சாரு ஒருத்தரு. நான் மறந்தே பூட்டேன்."

வனஜா அழவில்லை. அழுதது நான்தான். அவள் படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கி நின்று, பாய் கதவைச் சாத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு படத்தை மட்டும் பிரித்துத் தர முடியாதா என்று கேட்டோம். "எல்லாத்தியும் சேத்து ஒரே நம்பர் போட்டாச்சும்மா. பிரிச்சா எனக்குப் பேஜாரு" என்றார் பாய். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகவே சொன்னார்: "கவலப்படாதீங்க. எடுக்கப்போறது சாமிபடக் கடைக்காரரு. அவருக்குத் தேக்குச் சட்டமும் கண்ணாடியும்தான் வோணும். உள்ள இருக்கிற படத்தாள நீங்க கேட்டு வாங்கிக்கலாம்."

வைகாசி முகூர்த்த சீசன். ஏலத்தன்று எங்கள் இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. வனஜாவின் அப்பா போய் நின்றிருக்கலாமே என்பீர்கள். ஏலம் என்றாலே கடன்பட்டவன் வீட்டு வாசல் என்று நினைப்பவர் அவர், அந்தப் பக்கம் போகக் கூசினார். தாள்தானே, கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நாங்களும் நிம்மதியாகவே இருந்தோம். டூட்டி முடிந்ததும் நேராகச் சன்னதித் தெருவில் அந்தக் கடைக்கு ஓடினோம்.

மரத்தூளும் மைதாப் பசையும் மணக்கும் கடை. கடைக்காரர் நல்ல மனிதர். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "தாராளமா எடுத்துக்கினு போங்கம்மா" என்று எழுந்தார். சட்டங்களை அதற்குள் பிரித்தாயிற்று. மற்ற படங்களின் அட்டை நல்ல கெட்டி என்று, சாமி படங்களுக்குப் பின்னால் வைத்து ஆணியடித்துக்கொண்டிருந்தான் வேலையாள். குளிக்கிற யானை என் கண்முன்னே முருகனுக்குப் பின்னால் போயிற்று. இன்றைக்கும் ஏதோ ஒரு வீட்டுப் பூஜை அறையில் அது சுவரைப் பார்த்துக்கொண்டு குளித்துக்கொண்டிருக்கலாம்.

எங்கள் படத்தை அவர் எடுத்து நீட்டினார். தெரு இருந்தது. பாவு இருந்தது. அதைப் பிடித்த கையும் இருந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள். மூலைச் சுவரில் வருஷக்கணக்காக ஈரம் ஏறி, படம் அந்த இடத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பிரித்தபோது முகம் கண்ணாடியோடு போய்விட்டது.

"கண்ணாடி எங்கங்க?" என்றாள் வனஜா.

அவர் வாசலைக் காட்டினார். பிளேடால் சுரண்டி, சாம்பல் போட்டுக் கழுவி, சுவரில் சாத்தி வெயிலில் காய வைத்திருந்தார்கள். பளிச்சென்று இருந்தது. "யாருன்னு எனக்குத் தெரியாதேம்மா" என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னார். வனஜா தாளைச் சுருட்டாமல், மடக்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வக்கீல் வீட்டை இடித்துவிட்டார்கள், எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்களும் இல்லை. வனஜாவின் அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. அந்த முகத்தைப் பார்த்தவர்களில் மிச்சம் நாங்கள் இருவர்தான். அவள் கல்யாணமாகித் தென்னேரிப் பக்கம் போனாள். எப்போதாவது போன் செய்வாள், ஊர்க் கதை பேசுவாள், கடைசியில் அந்தப் படத்துக்குத்தான் வருவாள். மூக்குத்தி எந்தப் பக்கம், பொட்டு பெரிசா சின்னதா என்பாள். ஆரம்பத்தில் டக்கென்று சொல்லுவேன். இப்போது கண்ணை மூடினால் அந்தக் கூடத்தில் கண்ணாடியை ஒட்டி நின்ற இருபத்திரண்டு வயசு வனஜாவின் முகம்தான் வருகிறது. அதை அவளிடம் சொல்ல மனசு வரவில்லை.

ஓட்டலிலிருந்து திரும்பிய அன்று நானே அவளைக் கூப்பிட்டேன். பேசி முடிக்கும்போது கேட்டாள்: "ஏண்டி, அதுல அம்மா சிரிச்சிக்கினு இருந்தாங்களா, சும்மா இருந்தாங்களா?"

"சிரிச்சிக்கினுதாண்டி இருந்தாங்க" என்றேன்.



"போன தபா கேட்டப்ப, சிரிக்கலன்னு சொன்னியேடி" என்றாள்.