பென்சில் பெட்டியில் இரண்டு வளையங்கள்

நான் வென்ற முதல் வாதம் எங்கள் மாட்டுக்கொட்டகையில் நடந்தது. நடுவர் என் தாய்மாமன். எதிரணி என் அப்பா. தலைப்பு, எங்கள் மோட்டார் சைக்கிளின் கார்ப்பரேட்டர்களுக்குள் இருக்கும் தடுப்பு வளையங்கள் நீக்கப்பட வேண்டுமா, வேண்டாமா என்பது. எனக்கு அப்போது வயது பத்து. பின்னாளில் கல்லூரி மேடைகளில் கோப்பைகள் பல வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்றுபோல் ஓர் எதிரணி வாயடைத்து நின்றதை மீண்டும் கண்டதில்லை.

அது இரண்டு சிலிண்டர் கொண்ட பழைய வண்டி. சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்ப்பரேட்டர்கள். ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உருளை மேலேறி, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் வழிவிட வேண்டும். எங்கள் வண்டியிலோ, அந்த உருளை பாதிக்கு மேல் ஏறாதபடி மோதிரம் போன்ற ஒரு வளையம் தடுத்துக்கொண்டிருந்தது. நான் பிறந்த வாரத்தில், அம்மாவின் கட்டளைப்படி, மலைக்குக் கீழே ஆலங்காயத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்த மாமாவே அவற்றைப் பொருத்தினாராம். அதுமுதல் எங்கள் வண்டி மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் முனகிக்கொண்டேதான் ஏறும்.

முந்தைய ஆண்டு ஆலங்காயத்தில் நடந்த பேச்சுப் போட்டிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, மூன்று முறை அழைத்துப் பார்த்துவிட்டு என் பெயரைக் கோடிட்டு அடித்திருந்தார்கள். ஐந்து நிமிடப் பேச்சை, வண்டியில் வீடு திரும்பும் வழியில் அப்பாவின் முதுகிடம் அழுதபடியே பேசி முடித்தேன். இவ்வாண்டும் அவ்வாறே நேர்ந்தால் இனி மேடையே ஏறுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தேன்.

ஆகவே, போட்டிக்கு முந்தைய நாள் மாமா வந்ததும், பால் கேனைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றேன்.

"நடுவர் அவர்களே! ஒரு வண்டிக்கு வலிமையையும் கொடுத்துவிட்டு, அதன் தொண்டையில் வளையத்தையும் மாட்டுவது எந்த ஊர் நீதி?"

அப்பா மெல்ல வாயெடுத்தார். "ஆலங்காயம் எறக்கம் தானம்மா. எறக்கத்துல இன்னாத்துக்கு..."

"எதிரணி குறுக்கிடக் கூடாது!" என்றேன். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவேயில்லை. "டேய் தம்பி, அதுல கைய வெச்சே, இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராதே."

மாமா அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாக்கா நீ, கொயந்த எம்மாம் நாயமா பேசுது! ஜெயிச்சிட்டே மருமவளே. நாளைக்குப் பாரு, வண்டி பறக்கும்."

சொன்னபடியே கார்ப்பரேட்டர்களின் மூடிகளைத் திருகிக் கழற்றி, உருளைகளை உருவி, வளையங்களை எடுத்து எனக்குக் காட்டினார். பிறகு, "மாமனுக்கு ஒரு டம்ளர் டீ எடுத்துனு வா" என்றார். அம்மா அடுப்பு மூட்டி, டீ போட்டு, ஆற்றித் தர நேரமாகிவிட்டது. நான் திரும்பியபோது மூடிகள் மாட்டப்பட்டிருந்தன. மாமா சைலன்சர் பக்கம் குந்தியபடி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வளையங்கள் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

அப்பா வண்டியை உதைத்தார். அது எழுப்பிய முழக்கத்தில் பசு கயிற்றை இழுத்தது. கோழிகள் கூரைமேல் பறந்தன. விடுதலை பெற்ற வண்டி அல்லவா, அப்படித்தான் பேசும் என்று பூரித்தேன்.

மறுநாள் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தோம். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே அப்பா கிளம்பியதையும், ஒவ்வொரு வளைவிலும் யாரையாவது கண்டு நின்று கதை பேசும் அவர் அன்று எங்கும் நிற்காததையும் நான் பொருட்படுத்தவில்லை. என் காதில் விழுந்ததெல்லாம் அந்த முழக்கம் மட்டுமே. வளையங்களைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, மைக்குக்கு வேலையே இல்லாதபடி பேசினேன். மூன்றாம் பரிசாக ஒரு சிறு கோப்பை கிடைத்தது. திரும்பி மலையேறும்போது வண்டி பழையபடியே முனகியது. கோப்பையின் கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற பொங்கலுக்கு வந்த மாமா அந்த வண்டியின் கார்ப்பரேட்டர்களைச் சுத்தம் செய்யத் திறந்தார். உள்ளே, கரிபடிந்து, இரண்டு வளையங்கள்.

"அப்போ என் பென்சில் பெட்டியில பத்து வருஷமா இருக்கறது?"

"அது வெறும் வாஷரு மருமவளே. உங்கம்மா பேச்ச மீறினா நான் பொங்கலுக்கு எங்க சாப்புடறது? சைலன்சர் உள்ள சத்தத்த அடக்கற கொயல மட்டும் உருவிட்டேன். சத்தம் வந்திச்சி; பவர் வந்திட்ச்சினு நீயே சொல்லிக்கினே!"

எல்லாரையும்விட நெடுநேரம் சிரித்தவர் அம்மாதான். சிரிப்புக்கு நடுவே எனக்கு அந்த மேடை நினைவுக்கு வந்தது. கோப்பையை என்னிடம் தந்த நடுவர், காதை ஒரு விரலால் குடைந்துகொண்டே, "குரல் பிரமாதம்மா" என்று மட்டும் சொன்னார். குரலைப் பாராட்டியவர் பேச்சைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.